தேருக்கு முன்னால் கவைக்கம்பு

பிள்ளைகளா, இந்த வருஷம் கிள்ளான் கோயில் தேருக்கு முன்னால் நான் கவைக்கம்பு பிடித்தேனா இல்லையா என்று ஜொகூரிலிருந்து சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அக்காக்காரி பாதிதான் சொன்னாளாம். முழுசையும் நான் எழுதுகிறேன். நினைத்தாலே இப்பவும் கை பரபரக்கிறது!

கவைக்கம்பு என்றால் நுனி இரண்டாகப் பிரிந்த நீள மூங்கில். தேருக்கு முன்னே நடந்து, ரோட்டுக்குக் குறுக்கே தொங்குகிற டெலிபோன் ஒயரை அதால் தூக்கிப் பிடித்தால், கலசத்தில் உரசாமல் தேர் கடந்து போகும். கண் மேலேயே இருக்க வேண்டும். வேன் ஓட்டிய காலத்திலிருந்தே அது என் வேலை.

ஆனால் வயது ஏற ஏற என் நினைப்பு ஓரிடத்தில் நிற்பதில்லையே! திருவிழாவுக்கு முந்தின வாரம் பூமாலைக்குச் சொல்லிவிட்டு வரப் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்குக் கிளம்பினேன். ரயிலில் ஏதோ யோசனை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டேன். பங்சார் ஆபீசிலிருந்து வந்து கூட்டிப்போனாள். காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

“ஸ்டேஷனையே விட்டுட்டீங்க. தேர் அன்னைக்கு ஒயரை விட்டா? இந்த வருஷம் கம்பு வேணாம்லா, அப்பா.”

கோயில் தலைவர் காதுக்கும் செய்தி போய்விட்டது. “அண்ணே, நீங்க நிழல்ல உட்கார்ந்து மோர் ஊத்துங்க, போதும்” என்றார்.

மோரா! “முதல் தெரு மட்டும் குடுங்க. ஒரே ஒரு ஒயர் உரசினாலும் நானே போய் மோர்ப்பானைகிட்ட உட்கார்ந்துக்கறேன்” என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தினமும் காலையில் அந்தத் தெருவில் நடந்து பழகினேன். முதல் நாள் எதையுமே நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அதையே நினைத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் முட்டியதுதான் மிச்சம். அப்புறம் என்னையே திட்டிக்கொள்வதை விட்டேன். நினைப்பு ஓடினால், “போய்ட்டியா? சரி, வா” என்று சொல்லிக் கண்ணை அடுத்த ஒயருக்குக் கொண்டுபோவேன். அவ்வளவுதான். ஓடுவது நிற்கவில்லை. ஆனால் சீக்கிரம் திரும்பி வந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் தேர் கிளம்பியது. உறுமி அடித்த அடியில் நெஞ்சே அதிர்ந்தது! மகள் என் பக்கத்திலேயே நடந்தாள். முதல் ஒயர், தூக்கினேன். இரண்டாவது, தூக்கினேன். மகளின் சின்ன வயசு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஒரு ஷூ கழன்று விழுந்தும் ஓடினாளே, அது. நினைப்பில் அவள் பின்னாலேயே ஓடிவிட்டேன். “போய்ட்டியா? வா.” கண்ணைத் தூக்கினேன்.

எதிரே, காலையில் இல்லாத ஒன்று! துணிக்கடைக்காரர் ரோட்டுக்குக் குறுக்கே குருத்தோலைத் தோரணமும் கலர் பல்புச் சரமுமாகக் கட்டி வைத்திருந்தார். தேரின் பாதி உயரம்கூட இல்லை.

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினேன். வடம் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். மேளமும் நின்றது.

கடைக்காரர் ஓடி வந்தார். “அண்ணே, சாமியை வரவேற்கத்தானே கட்டினேன்!”

“பாஸ், சாமி என்ன குனிஞ்சா வருவாரு?”

வடக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவரும் தலையைச் சொறிந்துகொண்டு பிளக்கைப் பிடுங்கி, ஒரு முனையை அவிழ்த்துவிட்டார். தேர் கம்பீரமாகக் கடந்தது.

தெருமுனையில் தலைவர் வந்து என் தோளில் தட்டினார். “அடுத்த தெருவும் நீங்களே பாருங்கண்ணே. மோர் நான் ஊத்திக்கறேன்.”

பார்த்தாயா என்கிற மாதிரி மகள் பக்கம் திரும்பினேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“என்னைப் பார்க்காதீங்கப்பா! மேல பாருங்க, மேல!”

பார்த்தேன். அடுத்த ஒயர் தலைக்கு மேலேயே வந்திருந்தது. கம்பைத் தூக்கினேன்.