லைசென்ஸ் பெற்ற நான்கு பரணிகள்

திராட்சரசம் வடிக்கிறவளுக்கு மதுவிலக்கு ராஜ்யத்தில் இரண்டே இடம்தான் உண்டு: ஒன்று பலிபீடத்துக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் லாக்கப்பில். நான் இரண்டுக்கும் நடுவே, சங்கரன்கோவில் ரயிலடிக்குப் போகிற தெருவில், நான்கு பீங்கான் பரணிகளோடு குடியிருந்தேன். நூல் பெர்மிட்டுக்கும் சீனி கார்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கால்கடுக்க நின்று, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் காது குடைந்து முடிக்கும்வரை காத்திருந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் சொல்வது?

என் வீட்டுக்காரர் சபை உபதேசியார். நற்கருணைக்கு வேண்டிய ரசத்தை வடித்து, எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள கோயில்கள் அத்தனைக்கும் அனுப்புவது அவர் பொறுப்பு. பொறுப்பு அவருடையது, பரணிக்குள் போன கை என்னுடையது. அவர் காலமான பிறகும் கை அதே கைதானே, நானே வடித்தேன். மதுவிலக்குச் சட்டம் வந்தபோது, லைசென்ஸ் இல்லாமல் ஒரு சொட்டு வடிக்கக் கூடாது என்றார்கள். பொம்பளை பேரில் லைசென்ஸா என்று சபைக் கமிட்டி முகம் சுளித்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். வருகிற ஈஸ்டருக்கு நல்ல ரசம் கொடுத்தால் லைசென்ஸ் என்னிடம் இருக்கட்டும். தவறினால் கமிட்டியில் ஓர் ஆம்பளை பேருக்கு மாற்றிவிடுவது. அந்த ஆம்பளைகளில் ஒருவருக்கும் பரணியைக் கழுவக்கூடத் தெரியாது. விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஃபாரம்

லைசென்ஸ் ஃபாரத்தை எழுதியவர் ஒயின் குடித்தவரும் இல்லை, கோயிலுக்குப் போனவரும் இல்லை. ‘குடிப்பவர் எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம். ‘சபையார் அனைவரும், சிறுபிள்ளைகள் நீங்கலாக’ என்று எழுதினேன். ‘நபர் ஒருவருக்கு அளவு’ என்று அடுத்த கட்டம். ‘மாதம் ஒரு தடவை, ஒரு மடக்கு’ என்று எழுதினேன். ‘கணவர் விலாசம்’ என்ற கட்டத்தில் ‘கல்லறைத் தோட்டம்’ என்று எழுதியதற்கு, கேலி செய்கிறேன் என்று ஃபாரம் திரும்பி வந்தது. மாற்றவில்லை. அவர் வேறு எங்கும் குடிபோகவில்லை என்று ஒரு தனிக் காகிதத்தில் எழுதி, அதையும் சேர்த்துக் குத்தி, மறுபடியும் கொடுத்தேன்.

மூன்றாவது தடவை போனபோது தாலுகா ஆபீஸ் கிளார்க் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். உள்ளூர்க்காரர், நல்ல மனுஷர். அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து லைசென்ஸை என் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது இது: “ஒரு மடக்குக்கு இத்தனை ஃபாரமாம்மா? பானை பானையாக் காய்ச்சுதவன் ஒருத்தனும் இன்னிவரைக்கும் ஒரு ஃபாரம் எழுதிக் கேட்டதில்ல.”

பஸ்ஸில் வந்த செய்தி

எங்கள் தொழிலுக்குப் பத்திரிகை கிடையாது. கம்பம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மதுரை வழியாகக் கூடை ஏற்றிவரும் பஸ் கண்டக்டர்தான் பத்திரிகை. கொடியில் பூச்சி விழுந்ததா, அறுப்புக்கு முன்னால் மழை கெடுத்ததா, தோட்டக்காரனுக்கும் வியாபாரிக்கும் சண்டையா, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த செய்தி நல்ல செய்தி: வெயில் சரியாக இருக்கிறது, கறுப்புத் திராட்சை முழுக்கப் பழுத்துவிட்டது.

எனக்கு யார் சொல்லும் போதாது. கூடையை இறக்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று தின்று பார்ப்பேன். தோல் தடித்து, விதை கடிபட்டால் லேசாகத் துவர்க்கவேண்டும். வெறும் இனிப்பாக இருக்கிற பழத்தில் வடித்த ரசம் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடும்; புளிப்பும் கூட இருந்தால்தான் நிற்கும். கிராம்பு, பட்டை, கோதுமை என்று சிலர் பரணியில் பலசரக்குக் கடையையே கொட்டுவார்கள், நான் சேர்க்கமாட்டேன். பழம், கொஞ்சம் சீனி, அவ்வளவுதான். நான் மென்று, துப்பி, யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை எடுக்க அவசரப்பட்ட கண்டக்டர் சொன்னார்: “எம் மகளுக்கு மாப்பிள்ள பாக்கையில கூட நான் இம்புட்டு நேரம் யோசிக்கலக்கா.”

ஒரு மடக்கு

பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளி. தறிக்குழியிலிருந்து ஏறினால் சாயங்காலம் கொஞ்சம் கள் குடித்துப் பழகியவர், சட்டம் வந்ததிலிருந்து முகம் வாடித் திரிந்தார். பழம் பிசைந்த வாசனை தெருவுக்குப் போனதும் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வேதத்தில் சேர்ந்தால் தலைக்கு எவ்வளவு ஊற்றுவார்கள் என்று மரியாதையாகக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்: முதலில் வேதம் படித்து ஞானஸ்நானம் பெறவேண்டும், பிறகு பந்தியில் சேர்த்துக்கொள்கிற திடப்படுத்தல், அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, ஒரு மடக்கு, அதுவும் ஐயர் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி கொடுப்பது. ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் குருவானவரை.

நெசவாளி வாசனையை இன்னொரு தடவை இழுத்துக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஒரு மடக்குக்காக மாசம் பூரா நல்லவனா இருக்கணுமா? உங்க வேதம் ரொம்பக் கஷ்டமான வேதந்தான் தாயி.”

அரக்கு

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிய வாரம். பழத்தைப் பிசைந்து பரணியில் போட்டு நான்காம் நாள். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அந்த நாட்களில் பரணி பொங்கும். உள்ளே காற்று உண்டாகிக்கொண்டே இருக்கும். வாயை வெள்ளைத் துணியால் கட்டலாமே தவிர அடைக்கக் கூடாது. காலையில் துணியை அவிழ்த்து, மேலே மிதக்கும் தோலை மரத்துடுப்பால் அமுக்கிவிட்டு மறுபடி கட்டவேண்டும். அந்த நேரத்தில்தான் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வட ஜில்லாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், லஞ்சம் வாங்காதவர். லஞ்சம் வாங்குகிறவரிடம் பேசிப் பார்க்கலாம், சட்டத்தை மட்டும் வாங்குகிறவரிடம் என்ன பேசுவது?

லைசென்ஸைக் காட்டினேன். லைசென்ஸ் இருந்தாலும் மது உள்ள பாத்திரம் சர்க்கார் முத்திரையோடுதான் இருக்கவேண்டும் என்றார். இது இன்னும் மது ஆகவில்லை, பொங்கிக்கொண்டிருக்கிறது, காதை வைத்துக் கேளுங்கள் என்றேன். கேட்டார். இரைகிறதே, அப்படியானால் கட்டாயம் மூடவேண்டும் என்றார். நான்கு பரணிக்கும் கட்டைத் தக்கை அடித்து, துணி சுற்றி, கம்பி முறுக்கி, மேலே அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். பரீட்சை செய்து காகிதம் வரும்வரை ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று வண்டியில் ஏற்றினார்கள். வெடிக்கும் என்று நான் வாசலில் நின்று, தெரு கேட்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “மூடி முத்திரை வைத்த பொருள் எங்கேம்மா போய்விடும்?”

கிஸ்மிஸ் தண்ணீர்

மறுநாளே கமிட்டி கூடியது. ஈஸ்டருக்கு ரசம் இல்லை என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. லைசென்ஸை வாங்கிக்கொள்ள ஒருவர் புதுச் சட்டையோடு வந்திருந்தார். எங்கள் ஐயர் பயந்த சுபாவம். கிஸ்மிஸ் பழத்தை வேகவைத்து வடிகட்டினால் சாறு கிடைக்கும், சட்டமும் ஒன்றும் கேட்காது என்று வழி கண்டுபிடித்திருந்தார். அதற்குப் பெயர் பாயசம் என்றேன். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் யாரும் லைசென்ஸில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஸ்டேஷனுக்குப் போய் ‘பரணிக்குக் காற்று விடவேண்டும்’ என்று மனு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டு வாங்கினேன். பாதி வழி என்னோடு வந்த ஐயர், ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் நின்றுகொண்டார். “சட்டத்தோட முட்டாதீங்கம்மா, ஆண்டவர் கிஸ்மிஸ் சாறையும் ஏத்துக்கிடுவார்” என்றார். ஆண்டவர் ஏற்றுக்கொள்வார், அவர் சாந்தகுணம் உள்ளவர்; நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் அங்கேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பொறுமையானவர்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

ஸ்டேஷன் சரக்கு

அதற்கும் மறுநாள் முற்பகல். ஏட்டையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறைக்குள் வெயில் ஏற ஏறப் பரணிகள் உறுமியிருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை. முதல் பரணியின் தக்கை கம்பியை அறுத்துக்கொண்டு போய் உத்தரத்தில் அடித்தது, பரணி இரண்டாகப் பிளந்தது. சப்-இன்ஸ்பெக்டரின் மேசை, தொப்பி, கோர்ட்டுக்குக் கட்டி வைத்திருந்த சாராயக் கேஸ் கட்டுகள் எல்லாவற்றிலும் என் கம்பத்துத் திராட்சை. ஸ்டேஷனில் நடந்தால் செருப்பு ஒட்டியதாம். வாசனை கடைவீதிவரை போய், ஜனம் வேலை வெட்டி இல்லாமல் வாசலில் வந்து நின்றதாம்.

எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தப் பரணி என் கல்யாணத்துக்கு வந்தது. சேதி கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அழுகைக்கு நடுவில் என்னைச் சிரிக்கவைத்தது லாக்கப்பில் இருந்த ஒரு மனுஷன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஓடையில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவன். கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவன் ஏட்டையாவிடம் கேட்டானாம்: “நான் ஊருக்கு ஒதுங்கி ஓடைக்குள்ளதான் காய்ச்சினேன். ஐயா ஸ்டேஷனுக்குள்ளயே காய்ச்சிட்டாகளே, அவுகளுக்கு எத்தன மாசம்?”

எழுத்து

மிச்சம் மூன்று பரணியும் உறுமிக்கொண்டிருந்தன. தொட ஆளில்லை. மதியத்துக்குள் வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் அவை என் வீட்டுக்கு வந்துவிட்டன. சப்-இன்ஸ்பெக்டர் எதிர்வாடையில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றபடி, உடனே திறக்கும்படி சொன்னார். முடியாது என்றேன். சர்க்கார் முத்திரையை நான் உடைத்தால் குற்றம், எழுதிக் கொடுங்கள் என்றேன். வாய்ச்சொல் போதும் என்றார். போதாது என்றேன். நடுப்பரணியின் அரக்கு விரிசல் விட்டது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

பயமில்லாமல் நின்றேன் என்று நினைக்காதீர்கள். வாசல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுதான் பேசினேன். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் தெருவைத் தாண்டி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். ‘ரசம் பொங்கி அடங்கும்வரை பாத்திரத்தை அடைக்கவோ முத்திரை வைக்கவோ கூடாது’ என்று நான் சொல்லச் சொல்ல எழுதி, அதை லைசென்ஸிலேயே சேர்த்தார். உடைந்த பரணியில் முன்பே கீறல் இருந்ததாக எனக்கும் ஒரு காகிதம் நீட்டினார். அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். லைசென்ஸில் எழுதியதற்குச் சாட்சியாக ஐயரைக் கூப்பிட்டேன், அவர் இந்தத் தடவை பாதி வழியில் நின்றுவிடாமல் வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு அரக்கை வெட்டினேன். மூன்றும் சீறி, தோலும் விதையும் என் முகமெல்லாம் தெறித்தன. சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆளுக்குப் பயந்து நான் கையெழுத்துப் போட்டதில்லை, ஊறுகாய்ப் பரணிக்குப் பயந்து போட்டது இதுதான் முதல் தடவை.”

ஈஸ்டர்

வடித்து, தெளியவைத்துச் சுவைத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் சூட்டில் பொங்கிய ரசம் சீனியை எல்லாம் தின்று தீர்த்திருந்தது. இனிப்புக் கம்மி, நாக்கில் சுருக்கென்று ஏறியது. என் கையால் இவ்வளவு முரட்டு ரசம் அதுவரை வந்ததில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பரணி குறைந்ததால் எல்லாக் கோயிலுக்கும் எட்டாது, தண்ணீர் சேர்த்துவிடலாம் என்று கமிட்டியில் அந்தப் புதுச் சட்டைக்காரர் சொன்னார். மடக்கைக் குறையுங்கள், ரசத்தைக் குறைக்காதீர்கள் என்றேன். அளந்து ஊற்றி, குருவிகுளம் பக்கத்துக் கடைசிக் கோயில்வரை அனுப்பினோம். லைசென்ஸை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கடைசிக் கோயிலுக்கு ஐயரோடு நானும் போனேன். மழை பார்த்து விதைக்கிற கரிசல்காடு, ஓலைக் கூரைக் கோயில், நாலு மைல் ஐந்து மைல் நடந்து வந்த சனம். ஆளுக்கு உதடு நனைகிற அளவுதான் கொடுத்தார் ஐயர். வேண்டாத தைரியம் எல்லாம் போய், யாராவது குறை சொல்வார்களோ என்று கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் காட்டுவேலை செய்கிற ஒருவர், பாத்திரம் தொட்ட உதட்டைத் துடைக்காமலே என்னிடம் வந்தார். ரசம் வடித்தது நான்தானா என்று கேட்டார். ஆமாம், இந்த வருஷம் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது என்றேன். அவர் சொன்னார்: “கொஞ்சந்தான். ஆனா உள்ள எறங்குனது தெரிஞ்சிதுக்கா.”

ஒரு பரணி சர்க்காருக்கும் மூன்று பரணி சாமிக்கும் போனதில் எனக்கு மிஞ்சியது அந்த லைசென்ஸ் காகிதம் ஒன்றுதான், அதை இனி எந்தக் கமிட்டி கேட்டாலும் நான் கொடுப்பதாக இல்லை.