மீன்தோல் உறைகள்

கழற்றி வைத்த யன்னல் கண்ணாடியிலிருந்து, மீன்தோல் பசையில் வார்த்த அந்தத் தாளை அண்ணை முதன்முதலாக உரித்தெடுத்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஓரம் கிழியாமல் வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தார். அவருடைய விரல்கள் மறுபக்கத்தில் மங்கலாகத் தெரிந்தன. மீன் மணம் இருந்தது, ஆனால் பொறுக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சிறிய மருந்தகத்தில் நான் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர் அண்ணை. இடம்பெயர்ந்து வந்து எங்களோடு சேர்ந்திருந்தார். பொருளாதாரத் தடையில் பொலித்தீன் கிடைக்காத காலம். குளிசைகளைப் பழைய கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்துவிடலாம். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கான உப்பு, சீனிக் கலவைதான் தாளிலிருந்து பாதி வழியிலேயே கொட்டியது. சீனியோ காணக் கிடைக்காத பொருள்.

அண்ணை கருவாடு காயவைக்கும் வாடிகளில் கழித்துப்போடும் தோல்களைக் கேட்டு வாங்கி வந்தார். கழுவி, தேசிக்காய்ப் புளிச்சாற்றில் ஊறவைத்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்திருப்போம். வடித்த பசையில் சிறிது கிளிசரின் சேர்த்துக் கண்ணாடியில் ஊற்றி நிழலில் காயவிடுவோம். ஓரத்தை நனைத்து அழுத்தினால் உறை ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து பாயில் சரிந்தால் கையில் மீன் மணத்தோடே தூங்கிப்போவேன். ஆவணியும் புரட்டாசியும் அந்த உறைகளில்தான் கலவை கொடுத்தோம்.

ஐப்பசி மழை வந்தது. அலுமாரியில் இருந்த உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடித்தன. அவற்றை அண்ணை தானே கொண்டுபோய்ப் புதைத்தார். அடுத்த கிழமை உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாய், மகனை இடுப்பில் வைத்தபடி நனைந்து வந்தாள். அவளுக்கு முன்னர் கொடுத்த உறையும் மழையில் கட்டியாகிப் போயிருந்ததாம்.

"எறிய மனம் வரேல்லை, ஐயா. கொதிச்ச தண்ணியில அப்பிடியே போட்டனான். உறையும் சேர்ந்து கரைஞ்சு போச்சுது. ஆற வைச்சுக் குடுத்தன், குடிச்சான்," என்றாள். இன்னும் இரண்டு வேண்டும் என்றாள்.

பிள்ளை தெளிந்த கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மகிழ்ந்துபோனேன். அண்ணை கதிரையில் அமர்ந்தார்.

"இவன் தப்பினது தற்செயல், பிள்ளை. அந்த உறையிலயும் பூஞ்சணம் பிடிச்சிருந்தா? ஈரத்துக்கு நிக்காததை நம்பிக் குடுக்கேலாது. இனிச் செய்யிறேல்லை," என்றார் என்னிடம். அவளிடம் போத்தல் கொண்டு வரச் சொல்லி, கலவையை அங்கேயே கரைத்துக் கொடுத்தார். அதன் பிறகு எல்லோருக்கும் அப்படித்தான் கொடுத்தோம்.

இப்போது எங்கள் கரையில் மீனோடு பொலித்தீன் சொப்பிங் பைகளும் வலையில் ஏறுகின்றன. எங்கோ மீன்தோலில் உறை செய்கிறார்கள் என்று அண்மையில் பத்திரிகையில் படித்தேன். மண்ணிலும் நீரிலும் தானே அழிந்துபோவதுதான் அதன் சிறப்பாம். அண்ணையிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. முழுவதையும் கேட்டார்.

"அந்தப் பெடியன் இப்ப எங்க இருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு, இறுதிப் போர் வரை இந்த மண்ணில் நடந்ததெல்லாம் இருவருக்கும் தெரியும். நான் பத்திரிகையை மடித்தேன்.