நான் விட்ட வில்

இன்று இங்கிலீஷ் வகுப்பில் 'இஃப்' வாக்கியம் நடந்தது.

"நெசமா நடக்கக்கூடியதுன்னா 'வில்' போடுங்கடா. வெறும் கற்பனைன்னா 'வுட்' போடுங்க" என்றார் சார்.

"சார் மாற்றலாகிப் போடி ஊருக்குப் போனால் நாங்கள் தினமும் பந்து விளையாடுவோம்" என்று இங்கிலீஷில் எழுதி, 'வில்' போட்டு நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பிரம்பு எடுக்காத ஒரே சார் அவர்.

சிரிக்கவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏலே, ஒனக்கு யாரு சொன்னாக?"

"எதை சார்?"

"மாத்தல் விசயத்தைத்தான். ஆபீசுல இன்னும் பேச்சாத்தான இருக்கு."

நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"வேடிக்கைக்கு எழுதுனேன் சார். 'வுட்'டுனு திருத்திரட்டுமா?"

"இலக்கணம் சரியாத்தாண்டா இருக்கு" என்று சரி போட்டுக் கொடுத்துவிட்டார்.

இங்கிலீஷில் நான் வாங்கிய முதல் சரி. சோறு இறங்கவில்லை. விளையாட்டாய் வில்லை எடுத்தேன், அம்பு சார் மேல் பாய்ந்துவிட்டது.

மாற்றலை நிறுத்த யாருக்கு மனுப் போடுவது? நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்களே, தெரிந்தால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். மனு இங்கிலீஷில்தான் வேண்டுமென்றால், 'இஃப்' எல்லாம் என் பொறுப்பு. 'வில்' போடும் இடத்தை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.