பக்கத்துப் பலகை

பழவேற்காட்டு மீன் கொட்டகையில் நான் மீன் பரப்பி விற்கும் பலகைக்கு இடப்பக்கம் அவள் பலகை. நான் கடலோரக் குப்பத்துக்காரி, அவள் முஸ்லிம் வீட்டுப் பெண். பல வருடமாக முழங்கை இடிக்க இடிக்க உட்கார்ந்து நண்டும் இறாலும் விற்றோம். சண்டையும் போட்டோம்.

போன வருடம் அவள் கணவர் இறந்துபோனார். அவர்கள் வழக்கப்படி அவள் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். துக்கம் கேட்கப் போன எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் வயிறும் இத்தா இருக்குமா? புருசனும் போயி பொழப்பும் போவணுமா? பொம்பளைய மட்டும் உள்ள உக்கார வைக்கிறது இன்னா சட்டம்?" என்று அவள் வீட்டிலேயே கத்தினேன்.

"யாரும் வேலைக்குக் கூப்புடாம, நிம்மதியா அழுவுறதுக்கு அல்லா குடுத்த நேரம்டி இது. உனக்குப் புரியாது," என்றாள். எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? அதையே கொட்டகையிலும் சொல்லிப் புலம்பினேன். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் என் கொழுந்தன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே எல்லோரையும் கூட்டினார்.

"அந்தப் பலகைய எடுத்துடலாம். அவங்க ஆளுங்களே இங்க வேணாம். நம்ம பொம்பளைங்களுக்கே எடம் பத்தல," என்றவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவங்க மதம் எப்பேர்ப்பட்டதுன்னு அண்ணியே சொன்னாங்களே!"

சில தலைகள் ஆடின. கொட்டகையில் யார் உட்காருவது என்பது அவர் கையில்தான் இருந்தது. எதிர்த்துப் பேசினால் என் பிழைப்பும் போகும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் வார்த்தையை எடுத்தே அவள் வயிற்றில் அடிக்கிறாரே என்ற ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எழுந்து நின்றேன். "ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன், இத்தா தப்பு. அவ மொகத்துக்கு நேராவே சொன்னேன். உங்க அண்ணன் போனப்போ என் கை வளையல ஒடைச்சாங்களே, அப்போ அவ இன்னா கேட்டா தெரியுமா? 'இது இன்னாடி வழக்கம், உங்க சாமி இதையா கேட்டுச்சு'ன்னு கேட்டா. அதுக்கோசரம் உங்க யாரையாச்சும் கொட்டாய வுட்டுப் போன்னு சொன்னாளா? நான் வழக்கத்தக் கேள்வி கேக்கறேன். நீங்க அவ சோத்துல மண்ணப் போடறீங்க. ரெண்டும் ஒண்ணா?"

கொழுந்தன் முகம் கறுத்துப்போனது.

"பாத்துப் பேசுங்க அண்ணி. உங்க எடமும் எங்கிட்டதான் இருக்குது."

மறுநாள் விடியலில் போனால், அவள் பலகை கொட்டகைக்கு வெளியே குப்பையோடு கிடந்தது. தூக்கிவந்து கழுவி, அதே இடத்தில் போட்டேன். பிறகு என் பலகையை எடுத்துக் கொழுந்தன் முன்னால் வைத்தேன்.

"எடம் பத்தலன்னீங்களே. என் எடத்துல யார வேணும்னாலும் உக்கார வைங்க," என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து அவள் பலகையில் இறாலைக் கொட்டினேன்.

என் காலி இடத்துக்கு அவர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தியும் வரவில்லை. அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், ஆனால் எழுப்பவில்லை. தினமும் காலையில் இன்றைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டுதான் போவேன்.

இத்தா முடிந்து அவள் வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். தன் பலகைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதையும், பக்கத்தில் என் இடம் காலியாகக் கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும், கண் கலங்கியிருந்தது.

"இன்னும் இத்தா தப்புன்னுதான் சொல்றியா?"

"தப்புதான்."

"திருந்தவே மாட்டடி நீ," என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "எழுந்திரு. இது என் எடம்."