தொண்டை வாசித்த நிருபம்

கூவத் தொடங்கும் முன் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். அப்போதுதான் தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்குமாம். ஆட்டுத்தோல் ஏலமோ, காணாமல்போன கழுதையோ, அவர் வாயால் வந்தால்தான் சந்தை நம்பும். கூவி அறிவிப்பதே அவர் தொழில்; ‘தொண்டை’ என்ற பட்டப்பெயரைச் சொன்னால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் அந்தத் தொண்டை பூட்டிக் கிடக்கும். “உப்பு வேணும்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கென்ன? ஊருக்கெல்லாம் கூவுறீங்க!” என்பாள் மனைவி.

எழுத்துத் தெரிந்தவர் என்பதால், ஊரில் இயேசுவை நம்பிக் கூடும் ஒரு சின்னச் சபையிலும் வாசிப்பவர் அவர்தான். சபையைத் தொடங்கியவர் கூடாரம் தைப்பவர். வழிப்பயணத்தில் நோயில் விழுந்து, தொண்டையின் வீட்டுப் பின்னறையில் கிடந்தார். தேறி எழுந்ததும் தாம் நம்பியதைச் சொன்னார். யூதரோ அயலாரோ, முதலாளியோ அடிமையோ, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் புதிய போதகர்கள் வந்தார்கள். “நீங்க நம்பினது நல்லதுதான். ஆனா பாதி தூரம்தான் வந்திருக்கீங்க,” என்றார் அவர்களில் மூத்தவர். மீதித் தூரம் கத்தியில் இருந்தது. ஆண்கள் யூத வழக்கப்படி நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் கடவுளின் வீட்டாராம். ஒப்புக்கொண்டவர்களுக்கு முன்வரிசை, தனிப் பந்தி. மற்றவர்களுக்கு வாசலோரம்.

தோல் வியாபாரியான மைத்துனர் முதல் ஆளாகச் செய்துகொண்டு காலை அகட்டி அகட்டி நடந்தார். “கொஞ்ச நாள் எரியும் மச்சான். அப்புறம் மரியாதைதான்!” என்றார். தொண்டை மென்று முழுங்கிப் பார்த்தார். ஆனால் சந்தையில் அவருக்கு ஏலம் தருவதே இந்த மைத்துனர்தான். கடைசியில் தலையாட்டிவிட்டார், நாளும் குறித்தாயிற்று. உடனே முன்வரிசையில் இடம் கிடைத்தது.

அதுவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு மூட்டைக்காரர். எஜமானுக்கு மூட்டை சுமக்கும், அவர் சம்மதமில்லாமல் தன் உடம்பில் ஒரு கீறல்கூடப் போட முடியாத அடிமை. வாசலுக்குத் தள்ளப்பட்டவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நான் என்னங்க தப்புப் பண்ணேன்?” ஊரையே திரும்பிப் பார்க்கவைக்கும் தொண்டை தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் கூடாரக்காரர் சபைகளுக்கு எழுதியனுப்பிய நிருபம் வந்தது. விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. சுற்றுவட்டாரச் சபைகள் அத்தனையிலும் வாசிக்க வேண்டும் என்றார் கொண்டுவந்தவர்.

சபை கூடியதும் தொண்டை எழுந்து வாசிக்கத் தொடங்கினார்; எடுத்த எடுப்பிலேயே நிருபத்தில் கோபம். பாராட்டு ஒரு சொல் இல்லை. முன்வரிசையில் யாரோ கனைத்தார்கள். வாசிக்கும்போது கண்ணை ஒரு வரி முன்னால் ஓடவிடுவது தொண்டையின் பழக்கம். ஓடிய கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கத்தியால்தான் கடவுளின் உறவு கிடைக்கும் என்றால் இயேசு சிலுவையில் மாண்டது எதற்கு என்று கேட்டது அந்த வரி.

ஏதோ ஏடாகூடம் என்று ஊகித்த மைத்துனர் அவர் அங்கியின் நுனியை இழுத்தார். “அத விட்டுட்டுக் கீழ வாசி மச்சான். யாருக்குத் தெரியப் போகுது?”

மூத்த போதகர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைமேல் புறா நடப்பது கேட்டது. தனக்குக் கத்தி வைக்கக் குறித்த நாளுக்கும் அந்த வரிதான் பதில் என்று தொண்டைக்குப் புரிந்தது.

வாசித்தார். சந்தையில் ஒருநாளும் உடையாத குரல் அங்கே உடைந்தது. ஆனாலும் ஒரு சொல்லை விடவில்லை.

“இனி என் கடைப் பக்கம் வந்துடாத!” மைத்துனர் எழுந்து வெளியேறினார். தொண்டை நிமிரவில்லை. கடைசி வரிகள், சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த எழுத்தரின் கையெழுத்து அல்ல; கூடாரக்காரரே கோணல்மாணலாய், பெரிது பெரிதாய் எழுதியவை. அவற்றையும் வாசித்து முடித்தார்.

“போதும். சுருட்டி இப்படிக் குடுங்க,” மூத்த போதகர் கையை நீட்டினார்.

தொண்டை கொடுக்கவில்லை. நிருபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்வரிசையைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். மூட்டைக்காரர் பதறி எழப் பார்த்தார். அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, பக்கத்தில் வெறுந்தரையில் தானும் உட்கார்ந்தார்.

“இங்க சரியாக் கேட்டிருக்காது,” என்று சொல்லி, சுருளை முதல் வரியிலிருந்து பிரித்தார்.