பெர்மிசியோன் முடிந்துவிட்டது

மாமாவின் பச்சை இரும்புப் பெட்டி இப்போது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய படை எண். கடைசி இரண்டு இலக்கங்கள் உதிர்ந்துவிட்டன. போன வாரம் என் மகள் ஒரு பழைய படத்தைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு முன் அதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், பதின்மூன்று வயதில், மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து. படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெட்டிதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை எங்கள் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். இந்தோசீனாவிலிருந்து அவர் ஒரேயடியாகத் திரும்பியபோது ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் அவர் வந்ததெல்லாம் விடுப்பில்தான். அதற்குப் பட்டாளத்தில் 'பெர்மிசியோன்' என்று பெயர். "எத்தினி நாளு பெர்மிசியோன்?" என்றுதான் தெருவில் கேட்பார்கள். ஒரேயடியாக வந்த பிறகும் அதையே கேட்டார்கள். மாமாவும் உள்ளதைச் சொல்லாமல் சிரித்து மழுப்புவார். அவருக்காக அத்தை அலமாரியில் ஒரு அடுக்கைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தாள். துவைத்து மடித்த சட்டைகளை மாமா திரும்பத் திரும்ப இந்தப் பெட்டியில் வைத்தே பூட்டுவார். அந்தச் சட்டைகள் அலமாரிக்கு வந்துவிட்டால் மனுஷனும் வீட்டோடு தங்கிவிடுவான் என்பது அத்தையின் நம்பிக்கை. அதைத் தவிர அவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரத் தெருவில் சினிமா காட்டுகிற ஒரு மன்றத்துக்குப் போனோம். அமெரிக்கப் படத்தைப் பிரெஞ்சில் பேச வைத்திருந்தார்கள். அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. கான்வென்ட்டில் படிக்கிற நான் அவள் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார்கள், பாசத்தால் அல்ல.

போர்ப்படம் என்று பெயர், ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. நாயகனும் அப்படியொன்றும் மூக்கும் முழியுமாக இல்லை. அவன் தன் வீட்டு மேசையில் ஒரு கையால் தட்டை அணைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவதுபோல் அள்ளிப் போட்டுக்கொள்வான். மனைவி பார்த்துக்கொண்டே நிற்பாள். மாமாவும் அப்படித்தான் சாப்பிடுவார். அத்தை என் தொடையை இறுகப் பிடித்தாள். இந்தப் படத்தை எடுத்தவன் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. போன வாரமும் அதே நினைப்புதான். ஒரு படத்தை இதைவிட மேலாகப் பாராட்ட எனக்குத் தெரியாது.

கடைசியில் அவன் வாசற்படியில் நின்று மனைவியிடம் சொன்னான்: "மா பெர்மிசியோன் ஏ ஃபினி." என் விடுப்பு முடிந்துவிட்டது. பட்டாளத்தை விட்டே வந்தவன் அவன், திரும்பிப் போகப் படை கிடையாது. இத்தனை நாளும் வீடுதான் அவனுக்கு விடுப்பாக இருந்திருக்கிறது.

"இன்னாடி சொல்றான்?" என்றாள் அத்தை.

அவள் முகத்தைப் பார்த்தேன். "இனிமே எங்கயும் போவ மாட்டானாம், அத்தை" என்றேன்.

அத்தை தலையாட்டினாள். அந்தப் பக்கத்தில் மாமா ஒருமுறை இருமினார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஆனாலும் என்னைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். மாமா பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரே ஒரு பொய்யில் மாமாவை ஊரில் நிறுத்திவிட்டேன் அல்லவா! இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாமா பெட்டியில்லாமல், ஒரு துணிப்பையோடு ரயிலேறினார். மறுபடி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார், இந்த முறை அல்ஜீரியாவுக்கு. சட்டைகள் அலமாரியிலேயே கிடந்தன.

அடுத்த வருஷம் பிரெஞ்சில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் வந்தது. வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாமா இனி இல்லை என்று முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காயம் என்றோ, ஆஸ்பத்திரி என்றோ சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள்.

"சினிமாவுல சொன்ன மாரி சொல்லாதடி. உள்ளத சொல்லு."

நான் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

"பெர்மிசியோன் ஏ ஃபினி. ஒவ்வொரு வாட்டியும் அத சொல்லிட்டுதான உங்க மாமா கெளம்புவாரு. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சே அது ஒண்ணுதான்."

தெரிந்துதான் தலையாட்டியிருக்கிறாள். தெரிந்துதான் சட்டைகளை அடுக்கியிருக்கிறாள். அன்று கடிதத்தை ஒரு சொல் விடாமல் அவளுக்குத் தமிழில் வாசித்தேன். அவள் அழுததைவிட, நான் வாசித்து முடிக்கும்வரை அழாமல் இருந்ததுதான் இன்னும் என்னை வதைக்கிறது.

அத்தை இறந்த பிறகு பெட்டி என்னிடம் வந்தது. திறந்து பார்த்தேன். எல்லாச் சட்டைகளையும் துவைத்து மடித்து அவள் திரும்ப உள்ளே வைத்திருந்தாள்.

போன வாரம் அந்த வாசற்படிக் காட்சி வந்தபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான். அவன் அதே இடத்தில் நின்று அதையே சொன்னான். நான் பக்கத்திலிருந்த காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து, "பெர்மிசியோன் முடிஞ்சிடுச்சாம், அத்தை" என்றேன்.