நாற்பத்தொன்றாம் எண் கோல்கீப்பர்

அச்சகத்தில் அவரைக் கட்டிங்காரர் என்பார்கள். காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன் இருபத்தெட்டு வருடம் நின்றும் பத்து விரல்களும் பத்திரமாக இருப்பதுதான் அவர் வாங்கிய ஒரே விருது. முதலாளி ஒரு நாளும் அவரைப் பாராட்டியதில்லை. விசிட்டிங் கார்டு ஒன்று கோணலாகப் போனால் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்படி கூப்பிடுவார்.

வீட்டில் அவருக்கு இன்னொரு பிழைப்பு. அந்தக் காலத்தில் சூயிங்கம் பாக்கெட்டுக்குள் கால்பந்து வீரர்களின் பட அட்டைகள் வரும். மொத்தம் அறுபது. கம்பெனி மூடியே பல காலம் ஆகிறது. பழைய பேப்பர் கடைகளைக் கிளறிக் கிளறி ஐம்பத்தொன்பதைப் பிடித்துவிட்டார். சிக்காதவர் நாற்பத்தொன்றாம் எண், மீசை வைத்த ஒரு கோல்கீப்பர். அவர் தடுத்த பந்துகளைவிட விட்ட பந்துகளே அதிகம். அந்த மனிதருக்காகப் பதினாறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மீசைக்காரன் வந்து சேர்ந்தால்தான் தனக்கு ஒரு புருஷன் கிடைப்பார் என்று மனைவி தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் நாற்பத்தொன்றாம் எண் அட்டை இரண்டு இருப்பது தெரியவந்தது. அவருக்கு வேண்டியது எட்டாம் எண். கட்டிங்காரரிடம் அது இரண்டு இருந்தது. போனிலேயே பேசி முடித்தார்கள். இந்தத் தடவையாவது காரியம் நடக்கிறதா என்று பார்க்க மனைவியும் கூடவே கிளம்பினார்.

கடைக்குப் பின்னால், மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று ஸ்டூல். கடைக்காரர் எட்டாம் எண்ணைச் சாமணத்தால் எடுத்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

“ரெண்டு எம்.எம். குறையுதேண்ணே. யாரு வெட்டினது?”

“நான்தான் தம்பி” என்றார் கட்டிங்காரர், பாராட்டப்போகிறார்கள் என்று தெரிந்தவரின் கூச்சத்தோடு.

பிறகு விளக்கினார். சூயிங்கம் கம்பெனியில் வெட்டியவன் சாப்பிட்ட மயக்கத்தில் வெட்டியிருக்கிறான். ஒன்றில் ஓரம் தடிமன், ஒன்றில் ஓரமே இல்லை, ஒன்றில் பக்கத்து வீரனின் காது. தொழில் தெரிந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிட்டார். இருந்ததிலேயே மெலிந்தது ஒன்று. அதற்காக மற்ற அனைத்தும் இளைத்தன.

“ஐம்பத்தொன்பதுமா?” என்று கேட்ட கடைக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். மூலை மடங்கலாம், குழந்தை கிறுக்கலாம், எலிகூடக் கடிக்கலாம். கத்தி பட்ட அட்டையைச் சேகரிப்பவன் எவனும் தொடமாட்டான் என்று, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கோணலுக்குத்தான் மரியாதை என்பது கட்டிங்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவர் நம்பவும் இல்லை. ஆனால் மீசைக்காரன் கைநழுவிப் போகிறான் என்பது புரிந்தது. எட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நாற்பத்தொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சும்மாவே எடுத்துக்குங்க. ஒரே ஒரு வாக்கு மட்டும் குடுங்க. இதைக் கத்திக்குக் கீழ வைக்கக் கூடாது.”

கட்டிங்காரர் பார்த்தார். மீசை அருமையாக இருந்தது. இடப்பக்கம் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வெள்ளை. வலப்பக்கம் தோள்பட்டை விளிம்பை இடித்துக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே வேறு எவனுடைய பூட்ஸோ மஞ்சளாக எட்டிப்பார்த்தது. அவருடைய கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஓரத்தில் நகர்ந்து அளவெடுத்தது. மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை அழுத்தினார். அப்புறம் மிதித்தார்.

“சரின்னு சொல்லித் தொலைங்களேன்.”

“சொல்லிடலாம். வீட்டுக்குப் போனதும் வெட்டிடுவேனே” என்றார் கட்டிங்காரர்.

கடைக்காரர் அட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு பொய். எங்கிட்ட வாரத்துக்கு நாலு சொல்றீங்க.”

“வாய் சொல்லும். கை கேக்கணுமே.”

மனைவி அந்தக் கையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

“அதை நீட்டுங்க. பஸ் வருது.”